இலண்டன் – சிட்னி வான்வழி: தொலைவும் பயண நேரமும்

இலண்டன் – சிட்னி வான்வழி என்பது இங்கிலாந்தின் தலைநகரையும் ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய நகரத்தையும் இணைக்கும் நெடுந்தொலைவு விமான வழித்தடம் ஆகும். இது 'கங்காரு வழித்தடம்' என்றும் அழைக்கப்படுகிறது. இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய வான்தொலைவு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். 1919-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலிய மண்ணைத் தொட முதல் விமானத்துக்கு 28 நாட்கள் பிடித்தன. இன்று ஓரிடத்தில் மட்டும் நின்று செல்லும் பயணி ஏறக்குறைய 23 மணி நேரத்தில் சிட்னியில் இறங்குகிறார்.

விமானத்தின் வேகம் கூடியதால் நேரம் குறைந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதி விடைதான் என்று தெரியும். 1919-ஆம் ஆண்டு விமானத்தின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 134 கி.மீ. இன்றைய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. அதாவது வேகம் ஏறத்தாழ ஏழு மடங்குதான் கூடியிருக்கிறது. பயண நேரமோ 668 மணியிலிருந்து 23 மணியாக, 29 மடங்கு குறைந்திருக்கிறது. மீதி நேரம் எங்கே போயிற்று? அது வானில் செலவான நேரமே அன்று. தரையில் செலவான நேரம். எரிபொருள் நிரப்புவது, பழுது பார்ப்பது, இருட்டினால் தங்குவது, அடுத்த நாட்டின் அனுமதிக்குக் காத்திருப்பது என்று தரையில் கழிந்த நாட்கள் ஒவ்வொன்றாக எப்படி மறைந்தன என்பதே இந்த வழித்தடத்தின் வரலாறு.

தொலைவை அளப்பது

தட்டையான உலகப் படத்தில் இலண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே அளவுகோலை வைத்துக் கோடு போட்டால், அந்தக் கோடு துருக்கி, அரபிக்கடல் பக்கமாகச் செல்வதாகத் தோன்றும். பூமி உருண்டை என்பதால் அது மிகக் குறுகிய வழி ஆகாது. பள்ளியிலுள்ள உலக உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் உண்மையான குறுக்குவழி தெரியும். இதைப் பெருவட்டப் பாதை என்பர். மாணவர்கள் செய்து பார்க்க வேண்டிய எளிய சோதனை இது.

அப்படி இழுத்த நூல் பால்டிக் கடல் வழியாக ரஷ்யாவுக்குள் நுழைந்து, கஜகஸ்தானைக் கடந்து, சீனாவின் சிச்சுவான் மாகாணத்தின் மேல் பாதி வழியை அடையும். அதன் பிறகு தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸின் தென்பகுதி, கிழக்கு இந்தோனேசியத் தீவுகள் வழியாக ஆஸ்திரேலியாவில் இறங்கும். இந்தியாவை அது தொடவே தொடாது. ஆனாலும் தொடக்க காலத்தில் இவ்வழியே பறந்தவர்களில் பெரும்பாலோர் கராச்சியிலோ அலகாபாத்திலோ கல்கத்தாவிலோ இறங்கியே போனார்கள். பெட்ரோல் கிடைக்கும் இடம், இறங்க அனுமதிக்கும் அரசு, பழுது பார்க்கும் ஆள் ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்த இடங்களைத் தொட்டுச் செல்வதே அன்றைய வழி. அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன.

இன்னொரு வியப்பும் உண்டு. இலண்டனிலிருந்து சிங்கப்பூர் சுமார் 10,880 கி.மீ.; சிங்கப்பூரிலிருந்து சிட்னி சுமார் 6,290 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 17,170 கி.மீ. நேர்வழியைவிட 150 கி.மீ. அளவே கூடுதல். விமானத்துக்கு அது பத்து நிமிட வேலை. இரு நகரங்களும் ஏறக்குறைய உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், நூலைச் சற்று விலக்கிப் பிடித்தாலும் நீளம் அதிகம் மாறுவதில்லை. சிங்கப்பூர் இந்த வழித்தடத்தில் நூறாண்டுகளாக நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1919: இருபத்தெட்டு நாட்கள்

முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஆஸ்திரேலிய அரசு ஒரு பரிசை அறிவித்தது. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியக் குழுவுக்கு 10,000 பவுன். அப்போது கப்பலில் போக ஐந்தாறு வாரங்கள் ஆகும்.

1919 நவம்பர் 12-ஆம் நாள் ராஸ் சுமித், அவருடைய அண்ணன் கீத் சுமித், இயந்திர வல்லுநர்களான ஜிம் பென்னட், வாலி ஷியர்ஸ் ஆகிய நால்வரும் இலண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினர். அவர்களுடைய விக்கர்ஸ் விமி போர்க்காலக் குண்டுவீச்சு விமானம். இரண்டு எஞ்சின்கள் கொண்டது. இருக்கைகளுக்கு மேற்கூரை கிடையாது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் பனியும் மழையும் நேராக முகத்தில் அடித்தன. விமானத்தின் பதிவெழுத்துகள் ஜி-ஈஏஓயு. 'கடவுளே, எங்கள் எல்லோரையும் காப்பாற்று' என்பதன் சுருக்கம் அது என்று அவர்களே கேலி பேசிக்கொண்டார்கள்.

கேலிக்குப் பின்னால் அச்சம் இருந்தது. அவர்கள் கிளம்பிய மறுநாளே இன்னொரு குழுவின் விமானம் இலண்டனுக்கு அருகிலேயே விழுந்து இருவர் இறந்தனர். மூன்றாவது குழு கிரேக்க நாட்டின் கோர்ஃபூ தீவருகே கடலில் விழுந்து இறந்தது. பாரர், மெக்கின்டாஷ் என்ற இருவர் விடாப்பிடியாகப் பறந்து 206 நாட்கள் கழித்து டார்வினை அடைந்தார்கள். பரிசு எப்போதோ முடிந்துபோயிருந்தாலும், ஒற்றை எஞ்சின் விமானத்தில் அவ்வழியைக் கடந்த முதல் ஆட்கள் அவர்களே.

சுமித் சகோதரர்கள் கெய்ரோ, பாக்தாத், கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா, இரங்கூன், சிங்கப்பூர் வழியாக வந்தார்கள். கல்கத்தாவில் கிளம்பும்போது பருந்துகள் மோதி விமானம் மயிரிழையில் தப்பியது. ஜாவாவின் சுரபாயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. ஊர் மக்கள் தங்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து விரித்து ஓடுபாதை அமைத்துக் கொடுத்தார்கள். விமானம் அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் மேலெழுந்தது. பரிசுத் தொகையில் சுரபாயா மக்களுக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.

டிசம்பர் 10-ஆம் நாள் அவர்கள் டார்வினில் இறங்கினர். மொத்தம் 27 நாட்கள் 20 மணி நேரம். கடந்த தொலைவு ஏறத்தாழ 18,250 கி.மீ. உண்மையில் வானில் இருந்தது 135 மணி 55 நிமிடங்கள் மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு நேரம் பறப்பு. மீதி நான்கு பங்கும் தரையில். பரிசுப் பணத்தை நால்வரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர். ராஸ் சுமித்தும் பென்னட்டும் 1922 ஏப்ரலில் வேறொரு விமானத்தைச் சோதித்துப் பார்க்கையில் விழுந்து இறந்தனர். விமி விமானம் இன்றும் அடிலெய்டு விமான நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

இந்தப் போட்டியின் ஓரத்தில் நடந்த ஒரு சிறு வேலை பின்னாளில் பெரிதாயிற்று. ஹட்சன் ஃபிஷ், பால் மெக்கின்னஸ் என்ற இரு முன்னாள் போர்விமானிகள் போட்டியில் கலந்துகொள்ள விரும்பினர். பணம் தருவதாக இருந்த செல்வர் இறந்துவிட்டதால் அது நடக்கவில்லை. மாறாக, போட்டி விமானங்கள் இறங்குவதற்கு வடக்கு ஆஸ்திரேலியாவில் இடம் தேடும் பணி அவர்களுக்குக் கிடைத்தது. பாதையே இல்லாத புதர்க்காட்டில் ஃபோர்டு காரை ஓட்டிக்கொண்டு அலைந்தபோது, இப்பகுதிக்கு விமானம்தான் தீர்வு என்று அவர்களுக்குத் தோன்றியது. 1920 நவம்பரில் அவர்கள் தொடங்கிய நிறுவனமே குவாண்டாஸ். 'குயின்ஸ்லாந்து, வடக்கு ஆட்புல வான்சேவை' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே அப்பெயர்.

சாதனையாளர்களும் பயணிகளும்

1928-இல் பெர்ட் ஹிங்க்ளர் தனி ஆளாக இங்கிலாந்திலிருந்து டார்வினுக்கு 15½ நாட்களில் பறந்தார். 1930 மே மாதம் ஏமி ஜான்சன் 19½ நாட்களில் வந்து, இவ்வழியைத் தனியாகக் கடந்த முதல் பெண் ஆனார். 1934 அக்டோபரில் நடந்த இலண்டன் – மெல்போர்ன் போட்டியில் ஸ்காட், கேம்பல் பிளாக் இருவரும் 71 மணி நேரத்தில் இலக்கை அடைந்தனர். பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்லவில் ஆகியவையே அப்போட்டியில் கட்டாயமாக இறங்க வேண்டிய இடங்கள். 28 நாட்கள் 15 ஆண்டுகளில் மூன்று நாட்களாகச் சுருங்கின. சாதனை விமானி தூங்குவதில்லை, சாப்பிடுவதும் இருக்கையிலேயே. கட்டணம் கொடுத்த பயணியை அப்படி நடத்த முடியாது. அதனால் 1935-இல் பயணிகள் சேவை தொடங்கியபோது, பிரிஸ்பேனிலிருந்து இலண்டன் போக 12½ நாட்கள் ஆயின.

அந்தப் பயணத்தில் விமானமே ஏறாத பகுதியும் இருந்தது! இத்தாலி தன் வான்வெளியைத் திறந்துவிட மறுத்ததால், பயணிகள் பாரிஸிலிருந்து இத்தாலியின் தென்கோடியிலுள்ள பிரிண்டிசி வரை இரயிலில் போய், அங்கிருந்து மறுபடியும் விமானம் ஏறினர். பாரசீகத்துடன் உடன்பாடு முறிந்ததால் 1932-இல் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் வளைகுடாவின் மறுகரைக்கு மாறிச் சார்ஜாவில் இறங்குதளமும் கோட்டை போன்ற தங்குமனையும் அமைத்தது.

1938-இல் சௌதாம்ப்டனுக்கும் சிட்னியின் ரோஸ் பே விரிகுடாவுக்கும் இடையே 'பறக்கும் படகுகள்' ஓடத் தொடங்கின. இவை நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்குபவை. ஓடுபாதை கட்ட வேண்டியதில்லை. ஏரியோ ஆறோ அமைதியான விரிகுடாவோ போதும். நேரம் ஒன்பது, பத்து நாட்களாகக் குறைந்தது. பகலில் மட்டுமே பறப்பு. இரவில் பயணிகள் ஓட்டலில் தூங்கினர். இதைச் சொகுசுப் பயணத்தின் பொற்காலம் என்று புகழ்ந்து எழுதுவோர் உண்டு. ஒரே விமானத்தில் பதினைந்து பேர் அளவே போக முடிந்த அந்தச் சேவை எவருக்குப் பொற்காலமாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

போர் வெட்டிய வழி

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டது. பிரிட்டனிலிருந்து கடிதங்கள் கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வரை போய், அங்கிருந்து பறக்கும் படகில் கெய்ரோ, கராச்சி, சிங்கப்பூர் வழியாகச் சிட்னியை அடைந்தன. படத்தில் வரைந்தால் குதிரை இலாடம் போல இருந்ததால் 'இலாட வழி' என்று அதற்குப் பெயர் வந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. இலாடமும் உடைந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே நேரான வான்தொடர்பு அறவே இல்லாமல் போயிற்று.

மிச்சமிருந்த வழி ஒன்றே ஒன்று. இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் வரை, இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டுவது. ஏறத்தாழ 5,650 கி.மீ. இடையில் இறங்க இடமில்லை. கடலின் வடகிழக்கு ஓரம் முழுதும் சப்பானியர் கையில்.

இலங்கை முனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவி. பிரிட்டிஷ் விமானப்படை 1942-இலேயே அங்கே தளம் அமைத்திருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் கனடிய விமானி லெனார்ட் பர்ச்சால் கொக்கலையிலிருந்து பறந்து போய், கொழும்பை நோக்கி வந்த சப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பினார். தளத்துக்காகக் கொக்கலை ஊர் மக்கள் வீடுகளைக் காலி செய்து வெளியேற வேண்டியிருந்தது, வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் தப்பி, இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. வான்பயண வரலாறுகளில் விமானிகளின் துணிவு விரிவாக எழுதப்படுகிறது. ஒரு வாவியைச் சுற்றியிருந்த ஊர் எழுந்து போனதும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

1943 ஜூன் மாத இறுதியில் கொக்கலையிலிருந்து முதல் விமானம் பெர்த்துக்குக் கிளம்பியது. குவாண்டாஸ் விமானிகள் ஓட்டிய கேட்டலினா வகைப் பறக்கும் படகுகள் அவை. மொத்தம் ஐந்து விமானங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்மீனின் பெயர்: ஆல்டேர், வேகா, ரைகல், அன்டாரஸ், ஸ்பைகா. தமிழில் இவை முறையே திருவோணம், அபிசித்து, ரைகல், கேட்டை, சித்திரை. (ரைகல் மிருகசீரிடத்தின் பக்கத்திலுள்ள ஒளிமிக்க மீன், நம் இருபத்தேழில் அதற்குத் தனி இடமில்லை.) பெயர் வைத்ததில் பொருத்தம் இருந்தது. பகைவர் காதில் விழக் கூடாது என்பதற்காக வானொலியை வாயடைத்துவிட்டு, விண்மீன்களைப் பார்த்தே திசை கணித்துப் பறந்தனர். விமானத்தில் துப்பாக்கி எதுவும் கிடையாது.

பயண நேரம் காற்றைப் பொறுத்து 27 முதல் 33 மணி வரை. ஒரே விமானத்தில், ஒருமுறைகூடத் தரையிறங்காமல்! 28 மணி என்று வைத்துக்கொண்டால் சராசரி வேகம் மணிக்கு 200 கி.மீ. அளவே வருகிறது. 1934-இன் பந்தய விமானத்தைவிட எவ்வளவோ மெதுவானது. ஆனால் அதுவரை பயணிகள் சேவை எதுவும் இவ்வளவு தொலைவை இடைநில்லாமல் கடந்ததில்லை. ஆபத்தான கடற்பகுதியை இருட்டில் கடக்குமாறு புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்க நேர்ந்ததால் 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் நிலைத்தது. 24 மணி நேரத்துக்கு மேல் வானில் இருந்ததற்குச் சான்றாக, ஒவ்வொரு பயணிக்கும் 'இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு' உறுப்பினர் என்ற பத்திரம் வழங்கப்பட்டது.

எல்லாவற்றையும்விடக் கவனிக்கத் தக்கது அதன் சுமைக் கணக்கு. அவ்வளவு தொலைவுக்கான பெட்ரோலை ஏற்றிய பிறகு மிஞ்சிய இடம் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ கடிதங்களுக்கும் மட்டுமே. நெடுந்தொலைவுப் பறப்பின் அடிப்படைச் சிக்கல் இதுதான். விமானம் தான் எரிக்கப்போகும் எரிபொருளைத் தானே சுமந்தாக வேண்டும். தொலைவு கூடக் கூட எரிபொருள் கூடும்; அந்த எரிபொருளின் எடையைச் சுமக்க இன்னும் எரிபொருள் வேண்டும். கட்டணம் கொடுக்கும் ஆட்களுக்கு இடம் சுருங்கிக்கொண்டே போகும். மாட்டு வண்டியில் மாட்டுக்கு வேண்டிய வைக்கோலையே முழுதும் ஏற்றிவிட்டால் நெல் மூட்டைக்கு இடம் ஏது?

1945 ஜூலை வரை 271 முறை இந்தக் கடல் கடக்கப்பட்டது. ஒரு விமானமும் இழக்கப்படவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. 1944-இல் லிபரேட்டர் என்ற வேகமான தரைவிமானங்களும் இதே கடலைக் கடக்கத் தொடங்கின. 'கங்காரு சேவை' என்ற பெயர் முதலில் அவற்றுக்கே சூட்டப்பட்டது. போர் முடிந்ததும் ஐந்து கேட்டலினாக்களும் ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அவை அமெரிக்காவின் கடன்–குத்தகைத் திட்டத்தில் வந்தவை. திருப்பித் தர வேண்டும், விலை கொடுக்க வேண்டும், இல்லையேல் அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அழிப்பதே மலிவாக இருந்தது.

நான்கு நாட்களிலிருந்து ஒரு நாளுக்கு

1947 டிசம்பர் 1-ஆம் நாள் குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளுடனும் 11 பணியாளர்களுடனும் சிட்னியிலிருந்து கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஆறு இடங்களில் நின்று நான்கு நாட்களில் இலண்டனை அடைந்தது. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவுத் தங்கல். பறந்த நேரம் சுமார் 55 மணி. 1919-இல் ஐந்தில் ஒரு பங்காக இருந்த பறப்பு நேரம் இப்போது பாதியைத் தாண்டிவிட்டது.

போய்வரக் கட்டணம் 585 பவுன். அன்றைய ஆஸ்திரேலியரின் சராசரி ஊதியத்தில் 130 வாரச் சம்பளம். அதாவது இரண்டரை ஆண்டு உழைப்பு. பிரிட்டனிலிருந்து குடியேறிய குடும்பங்களுக்கு நான்கு நாள் பயணம் என்பது செய்தித்தாளில் படிக்கும் செய்தியாகவே இருந்தது. அவர்கள் கப்பலில் வந்தார்கள். தாய் தந்தையின் இறுதிச் சடங்குக்குப் போய்ச் சேர அவர்களால் முடியவில்லை.

1959-இல் குவாண்டாஸ் போயிங் 707 ஜெட் விமானங்களை இறக்கியபோது பயணம் ஒன்றரை நாளுக்குள் வந்தது. இரவுத் தங்கல் ஒழிந்தது. 1971 முதல் போயிங் 747 வந்தது. அது பெரிதாகச் செய்தது நேரத்தைக் குறைத்ததன்று. இருக்கைகளைப் பெருக்கிக் கட்டணத்தைக் குறைத்தது. அதன் பிறகே சாதாரணக் குடும்பங்கள் இந்தத் தொலைவை வானில் கடந்தன.

நிற்காமல் போவது

தரையில் நிற்பதை முற்றிலும் ஒழிக்க முடியுமா என்ற கேள்வி எஞ்சியது. 1989 ஆகஸ்டில் குவாண்டாஸின் புதிய 747-400 விமானம் ஒன்று இலண்டனிலிருந்து சிட்னிக்கு இடைநில்லாமல் 20 மணி 9 நிமிடங்களில் பறந்தது. கட்டணப் பயணிகளோ சரக்கோ இல்லை. ஓடுபாதை வரை எஞ்சினை ஓட்டினால் எரிபொருள் வீணாகும் என்று, விமானத்தை வண்டியில் கட்டி இழுத்துப் போய் ஓடுபாதை முனையில் நிறுத்தினர். அடர்த்தி மிகுந்த தனி எரிபொருளும் நிரப்பப்பட்டது. மூன்று பயணிகளுடன் பறந்த கேட்டலினாவின் அதே கணக்கு! அந்த விமானம் 2015-இல் சிட்னிக்குத் தெற்கே ஷெல்ஹார்பரிலுள்ள அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வழங்கப்பட்டது.

2018 மார்ச்சில் பெர்த் – இலண்டன் இடைநில்லாச் சேவை தொடங்கியது. 14,498 கி.மீ. தொலைவு, நேரம் சுமார் 17 மணி 20 நிமிடம். உலோகத்துக்குப் பதிலாகக் கார்பன் இழைக் கலவையால் பெரும்பகுதி கட்டப்பட்ட போயிங் 787 எடை குறைந்தது என்பதால் இது வணிகச் சேவையாகக் கட்டுபடியாயிற்று. பெர்த்திலிருந்து சிட்னி இன்னும் 3,280 கி.மீ. கிழக்கே இருக்கிறது.

2019 நவம்பரில் 52 பேருடன் ஒரு 787 இலண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடங்களில் இடைநில்லாமல் வந்தது. இது ஆய்வுப் பறப்பு. விமானிகளின் விழிப்பு நிலை, பயணிகளின் தூக்கம், உணவு, உடலசைவு ஆகியவை அளக்கப்பட்டன. அவர்களும் வழியில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். திட்டத்தின் பெயரே 'சூரியோதயத் திட்டம்'. கொக்கலைப் பயணங்களின் நினைவாக வைத்தது. இதற்காக 2022-இல் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்குக் குவாண்டாஸ் ஆணை கொடுத்தது. கூடுதலாக 20,000 லிட்டர் எரிபொருள் தொட்டி. இருக்கைகளோ 238 மட்டும். இதே வகை விமானத்தில் முந்நூறுக்கு மேற்பட்டோரை ஏற்றும் நிறுவனங்கள் உண்டு. சேவை தொடங்கும் நாள் பலமுறை தள்ளிப்போடப்பட்டது.

பயண நேரத்தைக் கணக்கிடும் முறை

17,000 கி.மீ. தொலைவை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 18.9 மணி வருகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். பயணச்சீட்டில் காணப்படும் நேரங்களை நேராகக் கழித்தால் தவறான விடை கிடைக்கும். அவை அந்தந்த ஊரின் நேரங்கள். சிட்னி நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 10 மணி முந்தியது. இரு நாடுகளும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பதால் வேறுபாடு ஆண்டில் 9, 10, 11 மணி என மாறும். சனவரியில் ஒருவர் திங்கள் இரவு 8 மணிக்கு இலண்டனில் கிளம்பி, புதன் காலை 6 மணிக்குச் சிட்னியில் இறங்கினால், கடிகாரப்படி 34 மணி. அதில் 11-ஐக் கழித்தால் உண்மையான பயண நேரம் 23 மணி.

போகும் திசையும் நேரத்தை மாற்றும். நடு அட்சங்களில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம், கிழக்கே செல்லும் விமானத்தைத் தள்ளிவிடும்; மேற்கே செல்வதைத் தடுக்கும். அதனால் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வரும் பயணம் பெரும்பாலும் திரும்பிப் போவதைவிடக் குறுகியது.

கீழே யாருடைய நிலம் இருக்கிறது என்ற பழைய கேள்வியும் இன்னும் ஓயவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பல ஐரோப்பிய நிறுவனங்களின் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. 2024 ஏப்ரலில் மேற்காசியப் பதற்றம் கூடியபோது ஈரானின் மேல் பறப்பதைத் தவிர்க்க நேர்ந்தது. பெர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாமல் போய்க்கொண்டிருந்த விமானம், சுற்றுவழிக்கு எரிபொருள் போதாமல் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயிற்று. இலண்டனிலிருந்து பெர்த்துக்கு வந்த விமானம் மட்டும், பின்னாலிருந்து வீசிய காற்றின் துணையால், வழக்கம்போல நிற்காமல் வந்து சேர்ந்தது.